பூட்டப்பட்ட ஏடுகள்: வீட்டுக் கணினியும் பணயத் தீநிரலும்

முன்னுரை

ஏட்டுச் சுவடிகளைக் கரையான் அரித்த செய்தியையும், ஆடிப்பெருக்கில் அவை ஆற்றோடு விடப்பட்ட செய்தியையும் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். ஆனால், ஏடு கண்முன்னே இருக்க, அதிலுள்ள எழுத்தை மட்டும் எவரும் படிக்க இயலாதவாறு மாற்றிவிட்டு, 'பொருள் தந்தால் பழையபடி ஆக்கித் தருவோம்' என்று ஓலை எழுதிவைத்துச் செல்லும் கள்வனை நம் முன்னோர் கண்டதில்லை. அத்தகைய கள்வன் இன்று நம் வீட்டு மேசைவரை வந்து சேர்ந்துள்ளான். ஆங்கிலத்தில் ரான்சம்வேர் எனப்படும் அதனைத் தமிழில் பணயத் தீநிரல் என வழங்குகின்றனர். 'பணயக் கைதி' என்னும் வழக்கை நினைவிற்கொண்டால் இச்சொல்லின் பொருத்தம் விளங்கும். இங்கே கைதியாவது மனிதர் அல்லர். அவர் சேர்த்துவைத்த கோப்புகள்.

தமிழ்த்துறை மலரில் இத்தகைய கட்டுரைக்கு இடமுண்டா என்று சிலர் வினவக்கூடும். நம் மாணவர்களின் ஆய்வேடுகளும் கள ஆய்வு ஒலிப்பதிவுகளும் சுவடிப் படங்களும் இன்று கணினியில்தான் உள்ளன. ஏட்டைக் காப்பது தமிழ் பயில்வோர் கடமை எனின், ஏடு குடியேறிய இடத்தைக் காப்பதும் அவர்தம் கடமையே. பணயத் தீநிரலை அறிவது, அகற்றுவது, வாராமற் காப்பது என்னும் மூன்றையும், காட்டூரில் நாம் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

காட்டூரில் நாம் கண்டது

திருச்சியிலிருந்து தஞ்சை செல்லும் சாலையில், அரியமங்கலத்துக்கும் திருவெறும்பூருக்கும் இடையே அமைந்தது காட்டூர். 2020ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஒரு மாலை, அவ்வூரைச் சேர்ந்த மாணவி ஒருவர் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். நம்மிடம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் பயின்றுகொண்டிருந்தவர் அவர். முசுலிம் பெண்களிடையே வழங்கும் தாலாட்டுகளும் திருமணப் பாடல்களும் அவருடைய ஆய்வுப் பொருள். "ஐயா, ஆய்வேடு போய்விட்டது, நன்னியின் குரலும் போய்விட்டது" என்பதற்குமேல் அவரால் பேச இயலவில்லை. அவர் பதிவுசெய்த பாடல்களுட் பாதி அவருடைய நன்னி பாடியவை. அம்மூதாட்டியார் இறையடி சேர்ந்து அப்போது நான்கு திங்கள் ஆகியிருந்தன.

மறுநாள் காலை அவ்வில்லம் சென்று பார்த்தோம். கணினி வழக்கம்போல் இயங்கியது. கோப்புகள் தத்தம் இடத்தில் இருந்தன. ஆயின் ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னும் பொருளற்ற நான்கெழுத்து வால் ஒன்று முளைத்திருந்தது. எதைத் திறந்தாலும் திறக்கவில்லை. ஒவ்வோர் உறையிலும் 'ரீட்மி' என்னும் பெயரில் ஒரு குறிப்பு இருந்தது. கோப்புகள் அனைத்தும் மறையாக்கம் செய்யப்பட்டன என்றும், மீட்க 980 டாலர் வேண்டும் என்றும், 72 மணி நேரத்திற்குள் தொடர்புகொண்டால் 490 டாலர் போதும் என்றும் அதில் எழுதியிருந்தது. அன்றைய மதிப்பில் பாதித்தொகையே ஏறத்தாழ 35,000 ரூபாய். தள்ளுபடி விலை கூறும் துணிக்கடை விளம்பரம் போன்றே அக்குறிப்பு அமைந்திருந்தது.

காரணம் தேடியபோது உண்மை வெளிப்பட்டது. ஆய்வேட்டைப் பக்க வடிவமைப்புச் செய்ய விலையுயர்ந்த மென்பொருள் ஒன்று தேவைப்பட்டது. அதன் பூட்டை உடைத்துத் தரும் 'கிராக்' ஒன்றை வீட்டிலிருந்த இளைஞர் இணையத்திலிருந்து இறக்கியிருந்தார். நச்சுத்தடுப்பு மென்பொருள் தடுத்தது. அதை அணைத்துவிட்டுத் தொடரும்படி அவ்விணையத்தளமே சொல்லிக்கொடுத்தது. அவரும் அவ்வாறே செய்தார். திருட்டு மென்பொருளோடு திருடனும் உள்ளே நுழைந்தான்.

அக்கணினியைத் தாக்கியது 'ஸ்டாப் டிஜேவியூ' என்னும் குடும்பத்தைச் சேர்ந்த தீநிரல். பெரிய நிறுவனங்களை விடுத்து, இலவசத்திற்கு ஆசைப்படும் வீட்டுப் பயனாளரையே குறிவைப்பது இதன் இயல்பு. 980 டாலர், 490 டாலர் என்னும் அத்தொகையும் அதன் அடையாளங்களுள் ஒன்று.

தோற்றமும் வளர்ச்சியும்

இத்தீமை இணையம் பரவலாவதற்கு முன்னரே பிறந்தது. 1989ஆம் ஆண்டு திசம்பரில் ஏறத்தாழ 20,000 நெகிழ்வட்டுகள் பல நாடுகளிலிருந்தோர்க்கு அஞ்சலில் சென்றன. எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் தரும் வட்டு என்று அதன்மேல் எழுதியிருந்தது. அதனை ஏற்றிய கணினி ஏறத்தாழ 90 முறை இயக்கப்பட்ட பின்னர், கோப்புகளின் பெயர்கள் மறைக்கப்பட்டன. பனாமா நாட்டிலுள்ள அஞ்சற்பெட்டிக்கு 189 டாலர் அனுப்புமாறு திரையில் அறிவிப்பு வந்தது. ஜோசப் பாப் என்னும் உயிரியலாளர் இதன் தொடர்பில் கைது செய்யப்பட்டார். பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே திறவுகோலைப் பயன்படுத்தியமையால் அதனை முறியடிப்பது எளிதாயிற்று.

பின்னர் நிலை மாறியது. சாவியின்றியே அமுக்கிப் பூட்டிவிடக்கூடிய பூட்டை நாம் அறிவோம். பூட்டுவது எவராலும் இயலும். திறப்பது சாவி உடையவரால் மட்டுமே இயலும். இக்கருத்தைக் கணக்கியல் வழியில் அமைத்ததே இருதிறவுகோல் மறையாக்கம். வங்கிப் பரிமாற்றத்தைக் காக்கும் அதே அறிவியலைக் கொண்டு கோப்புகளைப் பணயம் பிடிக்கவும் கூடும் என்று ஆடம் யங், மோட்டி யுங் என்னும் ஆய்வாளர் இருவர் 1996இலேயே எச்சரித்தனர். 2013 செப்டம்பரில் வெளிப்பட்ட 'கிரிப்டோலாக்கர்' அவ்வெச்சரிக்கையை மெய்யாக்கியது. ஆளடையாளம் மறைத்துப் பணம் பெறப் பிட்காயின் துணைநின்றது.

2017 மே 12ஆம் நாள் தோன்றிய 'வானாகிரை' சில நாள்களில் 150 நாடுகளில் 2,00,000க்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. சென்னையை அடுத்த ஒரகடத்திலுள்ள ரெனோ நிசான் மகிழுந்துத் தொழிற்சாலையும் அதனால் பாதிப்புற்றது. இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. அத்தாக்குதலைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு திங்கள் முன்னதாக, மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. மருந்து வந்தபின்னும் உண்ணாதிருந்தோரே பெரிதும் நோயுற்றனர்.

2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலகத்தின் பொதுத்துறைக் கணினிகள் சில இவ்வாறே பூட்டப்பட்டு, 1,950 டாலர் கேட்கப்பட்டது. 2022 நவம்பர் 23ஆம் நாள் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து வழங்கிகள் தாக்கப்பட்டன, ஏறத்தாழ 1.3 டெராபைட் அளவுள்ள தரவு மறையாக்கம் செய்யப்பட்டது. நோயாளர் பதிவுகளைப் பல நாள்கள் கையால் எழுதும் நிலை ஏற்பட்டது. அரசுக்கும் பெருமருத்துவமனைக்கும் நேர்வது காட்டூர் இல்லத்துக்கும் நேரும் என்பதே இவற்றால் நாம் அறிவது.

அறியும் முறை

நோய்நாடி அதன் முதல்நாடிய பின்னரே மருந்து தேட வேண்டும். அச்சுறுத்தும் அறிவிப்புகள் அனைத்தும் பணயத் தீநிரல் அல்ல. அவை மூவகைப்படும்.

முதல்வகை, வெறும் மிரட்டல். இணையப் பக்கம் ஒன்று திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, 'காவல்துறை உம் கணினியை முடக்கியுள்ளது. அபராதம் செலுத்துக' என்றோ, 'நச்சு நிரல் புகுந்துள்ளது. இவ்வெண்ணுக்குப் பேசுக' என்றோ கூறும். சில வேளை உரத்த ஒலியும் எழுப்பும். ஆயின் கோப்புகளுக்கு ஊறு நேர்ந்திராது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் தோன்றும். அதன்வழி உலாவியை மூடிவிடலாம். இயலாவிடின் கணினியை அணைத்து இயக்கலாம். உலாவியை மீண்டும் திறக்கும்போது பழைய பக்கத்தை மீட்கவா என்று கேட்டால் மறுத்துவிட வேண்டும். எந்தக் காவல்துறையும் கணினித் திரையில் அபராதம் வாங்குவதில்லை.

இரண்டாம் வகை, திரைப்பூட்டு. கணினிக்குள் புகுந்த நிரல் திரையை மறைத்து நிற்கும். கோப்புகள் நலமாகவே இருக்கும். பாதுகாப்பு முறையில் இயக்கியோ, நச்சுத்தடுப்புக் கருவியை வெளியிலிருந்து ஏற்றியோ இதனை நீக்கலாம்.

மூன்றாம் வகையே மெய்யான பணயத் தீநிரல். அதன் குறிகள் வருமாறு: கோப்புகளின் பெயரில் புதிய வால் தோன்றும், நேற்றுவரை திறந்த படமும் கட்டுரையும் இன்று திறவா, உறைதோறும் பணம் கேட்கும் குறிப்பு கிடக்கும், திரையின் பின்னணிப் படம் மாறியிருக்கும், நச்சுத்தடுப்பு மென்பொருள் தானே அணைந்திருக்கும். பூட்டும் பணி நடந்துகொண்டிருக்கும் வேளையில் கணினி காரணமின்றி மெதுவாகும். வட்டு இயங்கும் விளக்கு ஓயாது மின்னும். காட்டூர் மாணவியின் கணினி முன்னாளிரவு முழுவதும் மெதுவாக இயங்கியதாம். பழைய கணினி அப்படித்தான் என்று எவரும் பொருட்படுத்தவில்லை.

முதல் ஒரு மணி நேரம்

பாம்பு கடித்தவர் ஓடக்கூடாது என்பர். கணினி பூட்டப்பட்டதைக் கண்டவரும் பதறக்கூடாது. செய்யவேண்டுவன இவை.

முதலில் இணையத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். வைஃபை இணைப்பை அணைக்க வேண்டும். பென் டிரைவ், வெளிவட்டு முதலியன செருகியிருப்பின் கழற்ற வேண்டும். அவற்றிலுள்ளவற்றையும் தீநிரல் பூட்டும். கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டு வருவது கண்ணுக்குத் தெரிந்தால், மின்பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை உடனே அணைத்துவிடலாம். எஞ்சியவையாவது பிழைக்கும்.

அடுத்து, திரையில் தோன்றும் அறிவிப்பையும் கோப்புப் பெயர்களின் வாலையும் கைப்பேசியால் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பணம் கேட்கும் குறிப்பை வெறுப்பினால் அழித்துவிடக்கூடாது. எந்தக் குடும்பத் தீநிரல் என்று கண்டறிய அதுவே சான்று.

மூன்றாவது, கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். அதனையும் பாதிக்கப்படாத மற்றொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். ஸ்டாப் டிஜேவியூ போன்றவை கடவுச்சொல் திருடும் நிரல்களையும் உடன் அழைத்து வருவதுண்டு. மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றிற்கு முதலிடம் தரல் நன்று.

நான்காவது, கூகிள் டிரைவ், ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பைப் பார்க்க வேண்டும். பூட்டப்பட்ட கோப்பு அங்கும் ஏறிப் பழையதை மறைத்திருக்கலாம். ஆயினும் அத்தகைய சேமிப்புகள் கோப்பின் முந்தைய வடிவங்களை ஏறத்தாழ 30 நாள்கள் வைத்திருப்பதுண்டு. அக்காலம் கடப்பதற்குள் மீட்டுக்கொள்ள வேண்டும்.

அகற்றலும் மீட்டலும்

தீநிரலை அகற்றுவது வேறு. பூட்டிய கோப்பைத் திறப்பது வேறு. நச்சுத்தடுப்பு மென்பொருள் கள்வனை வெளியேற்றும். அவன் பூட்டிய பெட்டியைத் திறந்து தராது. இவ்வேறுபாட்டை அறியாதார், 'மென்பொருள் வாங்கினேன், கோப்பு வரவில்லை' என்று வருந்துவர்.

அகற்றும் முறை முதலில். விண்டோஸ் கணினியோடு வரும் டிஃபெண்டரில், விண்டோஸ் முழுமையாக இயங்கும் முன்னரே சோதிக்கும் ஆஃப்லைன் முறை ஒன்றுண்டு, அதனை இயக்கலாம். செர்ட்-இன் எனப்படும் இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவின் சார்பில் 2017இல் தொடங்கப்பட்ட சைபர் ஸ்வச்சதா கேந்திரத்தின் வழியாகவும் இலவசத் துப்புரவுக் கருவிகள் கிடைக்கின்றன. எனினும் ஐயத்திற்கு இடமில்லாத வழி, வட்டினை முற்றத் துடைத்து விண்டோசைப் புதிதாக நிறுவுவதே. நிறுவல் கோப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தளத்திலிருந்து தூய கணினி ஒன்றின்வழிப் பென் டிரைவில் இறக்கிக்கொள்ளலாம். துடைப்பதற்கு முன்னர்ப் பூட்டப்பட்ட கோப்புகளையும் பணம் கேட்கும் குறிப்பையும் தனி வட்டு ஒன்றில் எடுத்துவைத்தல் வேண்டும். பழைய காப்புப்படி இருக்குமாயின், கணினி தூய்மையான பின்னரே அவ்வட்டைச் செருக வேண்டும். அவசரப்பட்டுச் செருகிக் காப்புப்படியையும் இழப்பது நெய்ப்பந்தத்தோடு வைக்கோற்போரில் தேடுவதை ஒக்கும்.

இனி மீட்டல். நெதர்லாந்துக் காவல்துறை, யூரோபோல், காஸ்பர்ஸ்கை, இன்டெல் செக்யூரிட்டி ஆகியவை இணைந்து 2016 சூலையில் 'நோ மோர் ரான்சம்' என்னும் இணையத்தளத்தைத் தொடங்கின. பூட்டப்பட்ட கோப்பு ஒன்றையும் பணம் கேட்கும் குறிப்பையும் அங்கே ஏற்றினால், தாக்கிய தீநிரலின் பெயரையும், இலவசத் திறவுகோல் உண்டா என்பதையும் அது கூறும். ஸ்டாப் டிஜேவியூக்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இலவசக் கருவி வெளியிட்டது. அத்தீநிரல் தன் தலைமைக் கணினியைத் தொடர்புகொள்ள இயலாதபோது பலருக்கும் பொதுவான ஒரே திறவுகோலால் பூட்டும். அது கிடைத்துவிடின் அனைவர் கோப்பும் திறக்கும். தொடர்புகொண்டுவிடின் ஒவ்வொருவருக்கும் தனித் திறவுகோல். அதைத் திறப்பது அரிது. நம் மாணவியின் கணினி இரண்டாவது வகையில் அகப்பட்டது. அன்று நாம் முயன்றது பயனளிக்கவில்லை.

ஆயினும் பூட்டப்பட்டவற்றை அழிக்கவேண்டா என்றோம். காலம் சில வேளை திறவுகோலைத் தரும் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உள. கிரிப்டோலாக்கர் கும்பலின் பிணையம் 2014இல் பன்னாட்டுக் காவல்துறையினரால் தகர்க்கப்பட்டபின், அதன் திறவுகோல்கள் இலவசமாகக் கிடைத்தன. 2016 மே திங்களில் 'டெஸ்லாகிரிப்ட்' நடத்தியோர் தாமே முதன்மைத் திறவுகோலை வெளியிட்டு விலகினர். 2020 ஏப்ரலில் 'ஷேட்' என்னும் தீநிரலை நடத்தியோர் 7,50,000 திறவுகோல்களை வெளியிட்டனர்.

மற்றொரு வாயிலும் உண்டு. விரைவு கருதித் தீநிரல்கள் பல, கோப்பு முழுவதையும் பூட்டுவதில்லை. ஸ்டாப் டிஜேவியூ ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவையே பூட்டும். கட்டுரைக் கோப்பு சிறிதாகையால் முழுதும் அழியும். ஒலிப்பதிவோ பெரிது, அதன் பெரும்பகுதி தீண்டப்படாது கிடக்கும். எஞ்சிய பகுதியைச் சீர்செய்து கேட்கும்படி ஆக்கும் இலவசக் கருவி கொண்டு, ஓராண்டு கழித்து அம்மாணவி தம் ஒலிக்கோப்புகளை மீட்டார். ஒவ்வொரு பாடலிலும் முதற் பத்து நொடிகள் இல்லை. 'ஆராரோ' என்னும் தொடக்கம் எதிலும் கேட்கவில்லை. அதன்பின் உள்ள அடிகள் அனைத்தும் நன்னியின் குரலிலேயே இருக்கின்றன.

பணம் கொடுக்கலாமா?

அவ்வீட்டில் அன்று எழுந்த வினா இது. மாணவியின் தந்தையார் நகையை அடகு வைத்தேனும் கொடுத்துவிட எண்ணினார். பெற்ற மனம் அவ்வாறு எண்ணுவது இயல்பே. நாம் வேண்டா என்றதற்குக் காரணங்கள் மூன்று.

ஒன்று, கள்வன் வாக்குக்கு உறுதி இல்லை. 2017 சூன் 27ஆம் நாள் பரவிய 'நாட்பெட்யா' மும்பை நவசேவா துறைமுகத்தின் சரக்கு முனையம் ஒன்றையும் முடக்கியது. அதில் பணம் செலுத்தியோருக்கும் கோப்பு திரும்பவில்லை. திருப்பித் தரும் வழியே அதில் அமைக்கப்படவில்லை. இரண்டு, ஒருவர் கொடுக்கும் பணம் அடுத்த வீட்டைத் தாக்குவதற்கான முதலாகிறது. மூன்று, கொடுப்பவர் என்று பெயர் பெற்றவரை மீண்டும் நாடுவர்.

மீட்டுத் தருவதாகக் கூறும் போலிகளிடமும் எச்சரிக்கை வேண்டும். 2020 சூனில் ஸ்டாப் டிஜேவியூக்கு மருந்து என்று சொல்லி உலவிய ஒரு கருவி, உண்மையில் 'ஜோராப்' என்னும் மற்றொரு தீநிரல். முன்னரே பூட்டியிருந்ததன்மேல் அது இரண்டாம் பூட்டைப் போட்டது.

பணம் கொடுப்பதற்கு மாறாக முறையிட வேண்டும். 1930 என்னும் தொலைபேசி எண்ணும், தேசிய சைபர் குற்ற முறையீட்டு இணையத்தளமும், சைபர் குற்றக் காவல் நிலையமும் இதற்கென உள்ளன. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளின்கீழ் இது மூன்றாண்டு வரை சிறையோ, 5,00,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். முறையீட்டினால் கோப்பு உடனே மீளாமற் போகலாம். கும்பலைப் பிடிக்கும் நாளில் அம்முறையீடு ஒரு சான்றாகும்.

வாராமற் காத்தல்

இதுகாறும் கூறியன வந்தபின் செய்வன. வருமுன் காக்கும் வழிகள் அவற்றினும் எளியன.

முதலாவது, படியெடுத்தல். மூன்று படிகள், இருவேறு வகைக் கருவிகள், ஒன்றேனும் வேறிடத்தில் என்பது வல்லுநர் வகுத்த விதி. ஆய்வேடு ஒன்று கணினியில் இருக்கட்டும். ஒன்று வெளிவட்டில் இருக்கட்டும். ஒன்று இணையச் சேமிப்பிலோ உறவினர் வீட்டிலோ இருக்கட்டும். வெளிவட்டைப் படியெடுக்கும்போது மட்டும் செருகிப் பின் கழற்றிவிட வேண்டும். எந்நேரமும் செருகியிருக்கும் வட்டு காப்புப்படி ஆகாது. அதுவும் சேர்ந்தே பூட்டப்படும். பருவத்திற்கு ஒருமுறை அப்படியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்ப்பதும் இன்றியமையாதது. நம் மாணவி கைப்பேசியில் இடம் போதவில்லை என்று ஒலிப்பதிவுகளைக் கணினிக்கு மாற்றிவிட்டு, கைப்பேசியில் இருந்தவற்றை அழித்திருந்தார். அதனை அவர் சேமிப்பு என்று எண்ணினார். அது இடமாற்றமே அன்றிச் சேமிப்பன்று.

இரண்டாவது, திருட்டு மென்பொருளை விலக்கல். எழுத்துப் பணிக்கு லிப்ரே ஆபீஸ், படங்களுக்கு ஜிம்ப், பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் ஆகியன முறையாகவே இலவசமாய்க் கிடைக்கின்றன. ஒருங்குறித் தமிழும் அவற்றில் இயங்குகிறது. பிறர் உழைப்பை விலையின்றிக் கவர்தல் நம் மார்க்கத்திலும் ஆகாது; வள்ளுவர் கள்ளாமையிலும் ஆகாது. அறத்தின்பொருட்டு விலக்கவேண்டியது பாதுகாப்பின்பொருட்டும் விலக்கவேண்டியதாய் அமைந்துள்ளது.

மூன்றாவது, திருத்தங்களை ஏற்றல். விண்டோஸ் தரும் புதுப்பித்தல்களைத் தள்ளிப்போடலாகாது. விண்டோஸ் 7க்கு 2020 சனவரி 14ஆம் நாளோடும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. புதிய கணினி வாங்க இயலாதோர் பழைய கணினியில் லினக்சு நிறுவிப் பயன்கொள்ளலாம்.

நான்காவது, மின்னஞ்சல் இணைப்புகளில் விழிப்பு. கூரியர் வந்துள்ளது, வருமானவரி பாக்கி உள்ளது, வேலை ஆணை இணைக்கப்பட்டுள்ளது என்றெல்லாம் வரும் இணைப்புகளை அனுப்பியவரைக் கேட்டறிந்தபின் திறக்க வேண்டும். கோப்புப் பெயரின் வால் முழுவதும் தெரியுமாறு விண்டோசில் அமைத்துக்கொள்ள வேண்டும். 'பிடிஎஃப்' என்று தோன்றும் பெயருக்குப் பின் 'இஎக்ஸ்இ' மறைந்திருப்பின் அது கட்டுரை அன்று, நிரல். ஆவணத்தைத் திறந்ததும் 'மேக்ரோவை இயக்குக' என்று கேட்டால் இயக்கலாகாது.

ஐந்தாவது, கணினியிலேயே உள்ள காவலை இயக்கல். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் பாதுகாப்புப் பகுதியில் பணயத் தீநிரற் காப்பு என ஒரு பிரிவு உண்டு. அதனை இயக்கினால், நாம் குறித்த உறைகளில் அறிமுகமற்ற நிரல்கள் கைவைக்க இயலா. அன்றாடப் பணிக்கு நிருவாக உரிமையற்ற பயனர் கணக்கைப் பயன்படுத்தலும் நன்று. வீட்டில் சிறுவர்க்கும் தனிக்கணக்கு தரவேண்டும்.

ஆறாவது, அச்சகத்திற்கும் நகலகத்திற்கும் கொண்டுசெல்லும் பென் டிரைவில் அச்சிடவேண்டிய கோப்பு மட்டும் இருத்தல் வேண்டும். ஆய்வேட்டின் ஒரே படியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் செல்லும் மாணவரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். திரும்பி வந்தபின் அதனைச் சோதித்துவிட்டே கணினியில் திறக்க வேண்டும்.

முடிவுரை

கள்வனுடைய வலிமை எங்கிருந்து வருகிறது? அவனுடைய கணக்கியல் அறிவிலிருந்து வருவதாகத் தோன்றும். ஆராய்ந்தால், நம்மிடம் ஒரே படி இருப்பதிலிருந்தே அது வருகிறது. இரண்டாவது படி உடையவரிடம் அவன் கேட்கும் பணயத்திற்கு மதிப்பே இல்லை.

இது நமக்குப் புதிய பாடமும் அன்று. திருமறையை உள்ளத்தில் ஏந்திய ஹாபிழ்கள் பலர் யமாமாப் போரில் வீழ்ந்தபோது, கலீபா அபூபக்கர் அதனை ஒருங்கே எழுத்தில் தொகுக்கச் செய்தார். கலீபா உஸ்மான் காலத்தில் அதன் படிகள் பல நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்ததும் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு குடும்பத்தார் படிகளைப் போற்றி வைத்திருந்தமையால்தான். காத்தல் என்பது பல இடங்களில் வைத்தல் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

காட்டூர் மாணவியின் ஆய்வேட்டில் இரண்டு இயல்கள் தப்பின. நாம் திருத்துவதற்காக அவர் தாளில் அச்சிட்டுக் கொடுத்தவை அவை. மற்றோர் இயல் நமக்கு அவர் அனுப்பிய மின்னஞ்சலில் கிடைத்தது. எஞ்சியவற்றை அவர் மீண்டும் எழுதி, ஐந்து திங்கள் தாழ்த்து ஆய்வேட்டை அளித்தார். இன்று அவர் இல்லத்தில் நன்னியின் பாடல்கள் கணினியில் ஒரு படியும், அலமாரியில் வெளிவட்டில் ஒரு படியும், திருவெறும்பூரிலுள்ள தமக்கை வீட்டில் ஒரு படியுமாக உள்ளன. வெள்ளிதோறும் மாலையில் புதியவற்றைப் படியெடுக்கிறார்.

இம்மலரைப் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் இன்றிரவு உறங்கும் முன் தம்மிடம் ஒரே படியாக உள்ள கோப்பு எது என்று எண்ணிப் பார்த்து, அதற்கு இரண்டாவது படி ஒன்றை எடுத்துவிடுவாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் அடைந்தவர் ஆவோம்.